வாடிக்கையாளர் முன் நிற்பவரை முதலில் கவனியுங்கள்: புதிய பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடை, வங்கிக் கிளை, மருத்துவமனை வரவேற்பறை, கால் சென்டர், பழுதுபார்ப்பு நிலையம் என எந்த இடமாக இருந்தாலும், வாடிக்கையாளரை நேரில் எதிர்கொள்ளும் ஊழியர்களுக்கு முதன்முறையாகப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. பொறுப்பேற்றதும் மேலிடத்திலிருந்து வரும் கட்டளை பெரும்பாலும் ஒன்றுதான்: சேவையின் தரத்தை உயர்த்த வேண்டும். அதைக் கேட்டவுடன் பலரும் ஊழியர்களைக் கூட்டி, சிரித்த முகத்துடன் பேசுங்கள், பொறுமையாக இருங்கள் என்று அறிவுரை சொல்வார்கள். சுவரில் ஒரு வாசகத்தையும் ஒட்டுவார்கள். இவற்றால் கெடுதல் ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. கவுண்டரில் நிற்பவர்களில் பெரும்பாலோர் எதிரில் இருப்பவரின் சிக்கலைத் தீர்த்து அனுப்பவே விரும்புகிறார்கள். சிடுசிடுப்பான ஆளை நாள் முழுவதும் சமாளிப்பதைவிட அது அவர்களுக்கும் எளிது. அப்படித் தீர்க்க முடியாதபடி அவர்கள் கைகளைக் கட்டி வைத்திருப்பது பல நேரங்களில் நிறுவனமேதான். ஊழியரை மதிப்பது என்பதை அந்தக் கட்டை அவிழ்ப்பது என்ற பொருளிலேயே இங்கு எடுத்துக்கொள்கிறேன். பாராட்டு விழா, பரிசுக் கோப்பை போன்றவை அதற்குப் பிறகு வரட்டும்.

ஊழியரை மதிப்பதற்கும் சேவையின் தரத்துக்கும் தொடர்பு உண்டு என்பது வெறும் நல்லெண்ணப் பேச்சன்று. அமெரிக்க உளவியலாளர் பெஞ்சமின் ஷ்னைடரும் அவருடைய குழுவினரும் வங்கிக் கிளைகளில் நடத்தி 1980-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் கிளை சேவையில் அக்கறை கொண்டது என்று ஊழியர்கள் கருதிய இடங்களில் வாடிக்கையாளர்களும் நல்ல சேவை கிடைப்பதாகக் கூறியிருந்தனர்; ஒரு தரப்பு மற்றதன் பதிலைப் பார்க்காமலே இப்படிச் சொல்லியிருந்தது. 1994-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெஸ்கெட் உள்ளிட்ட ஐவர், உள்ளே ஊழியருக்குக் கிடைக்கும் வசதியும் ஆதரவும் அவருடைய மனநிறைவுக்கும், மனநிறைவு அவர் வேலையில் நிலைப்பதற்கும், அது நல்ல சேவைக்கும், நல்ல சேவை வாடிக்கையாளர் திரும்பி வருவதற்கும், இறுதியில் லாபத்துக்கும் வழிவகுப்பதாக ஒரு சங்கிலியை முன்வைத்தனர். அந்தச் சங்கிலி ஒரே திசையில் மட்டும் இழுபடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றி சொல்லிவிட்டுப் போகும் வாடிக்கையாளர் நாளுக்கு நான்கு பேர் வந்தாலே ஊழியரின் மனநிலை மாறிவிடுகிறது. ஆகவே எந்த முனையில் தொடங்கினாலும் மறுமுனை கொஞ்சம் அசையத்தான் செய்யும். ஆனால் ஒரு பொறுப்பாளரின் கைக்கு எட்டுவது ஊழியர் இருக்கும் முனைதான்.

முதல் படி: பேசாமல் பாருங்கள்

முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு எதையும் மாற்றாதீர்கள். கவுண்டருக்கு அருகில், வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஓர் இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருங்கள். கால் சென்டராக இருந்தால் ஊழியரின் அனுமதியுடன் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அழைப்புகளைக் கேளுங்கள். உங்களைக் கண்காணிக்க வந்தவராக அவர்கள் நினைக்காதிருக்க, எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: யார் தவறு செய்கிறார் என்று பார்க்க வரவில்லை, எங்கே வேலை தடைபடுகிறது என்று பார்க்க வந்திருக்கிறேன் என்று. முதல் நாள் நம்ப மாட்டார்கள். நோட்டில் யார் பெயரும் இல்லை என்பதை அவர்களே ஒருமுறை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு நம்புவார்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். வாங்கி ஒரு வாரமே ஆன மின்கெட்டிலுடன் ஒரு பெண்மணி வருகிறார். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடவில்லை. பில் கையில் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் கெட்டிலை இணைத்துப் பார்க்கிறார். பழுது அவருக்கும் தெரிகிறது. மாற்றுக் கெட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. ஆனாலும் அவர் சொல்வது, "ஒரு நிமிஷம் உட்காருங்க மேடம், மேனேஜர் கையெழுத்து வேணும்." மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார். இருபது நிமிடம் போகிறது, பின்னால் வரிசை நீள்கிறது. பெண்மணி எழுந்து வந்து கேட்கும் முதல் தடவை ஊழியர் மன்னிப்புக் கேட்கிறார். இரண்டாம் தடவை கூட்டம் முடியப்போகிறது என்கிறார். மூன்றாம் தடவை கணினித் திரையில் ஏதோ வேலை இருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கடைசியில் மேலாளர் வந்து, கெட்டிலை ஏறிட்டும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். மாலையில் புகார்ப் பதிவேட்டில் ஒரு வரி ஏறுகிறது: ஊழியர் அலட்சியமாக நடந்துகொண்டார்.

இந்த வரியை மட்டும் படித்தவர் அந்த ஊழியருக்கு நடத்தைப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைப்பார். காட்சியைக் கண்ட உங்களுக்கோ வேறொன்று தெரிந்திருக்கும். பொருளைப் பார்க்காமலே போட முடிந்த கையெழுத்து அங்கே தேவைப்படவே இல்லை. அந்த இருபது நிமிடத்தில் வாடிக்கையாளர் நேரத்தை இழந்தார்; ஊழியர், தன் கண்ணால் பார்த்ததைக்கூடத் தன் நிறுவனம் நம்பாது என்பதை ஊரறியக் கற்றுக்கொண்டார்.

எனவே ஒவ்வொரு சிக்கலுக்கும் நோட்டில் இரண்டே கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இதை அந்த இடத்திலேயே தீர்த்திருக்கக்கூடியவர் யார்? அவரைத் தடுத்தது எது? விடைகள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். அதிகாரம் இல்லை, தகவல் தெரியாது, கருவி சரியில்லை, அதாவது பில் போடும் இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுகிறது அல்லது கணினியில் மூன்று திரைகளைத் தாண்டினால்தான் விவரம் கிடைக்கிறது, நேரம் இல்லை, பயம். உண்மையிலேயே ஊழியரின் அக்கறையின்மைதான் காரணம் என்று எழுத வேண்டிய இடங்களும் வரும். அவற்றையும் எழுதுங்கள், ஆனால் மற்ற வகைகளில் எதிலும் அடங்காது என்று உறுதியான பிறகு எழுதுங்கள்.

இரண்டாம் படி: அடிப்படைகளைச் சரிசெய்யுங்கள்

சம்பளம் சொன்ன தேதியில் வருகிறதா, மிகைநேர வேலைக்கு முறைப்படி பணம் தரப்படுகிறதா, வாராந்தரப் பணிநேர அட்டவணை போதிய நாட்களுக்கு முன்பே கைக்குக் கிடைக்கிறதா, உட்கார நாற்காலி உண்டா, கழிப்பறைக்குப் போக யாரிடமாவது அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியுள்ளதா, உணவு இடைவேளை காகிதத்தில் மட்டும்தானா என்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட கோட்பாடு இங்கே உதவும். சம்பளம், பணிச்சூழல், நிர்வாக விதிகள் போன்றவை குறைவாக இருந்தால் மனக்கசப்பை உண்டாக்கும், ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் உற்சாகம் பிறந்துவிடாது என்றார் அவர். உற்சாகம் செய்யும் வேலையிலிருந்தும், அதில் கிடைக்கும் பொறுப்பிலிருந்தும் வருகிறது. இந்தக் கோட்பாட்டின் மேல் பிற்காலத்தில் விமர்சனங்கள் உண்டு. ஆயினும் வேலைகளை வரிசைப்படுத்த ஒரு புதியவருக்கு இது போதுமான துணை. மிகைநேரப் பணம் இரண்டு மாதமாக நிலுவையில் இருக்கும்போது "மாதத்தின் சிறந்த ஊழியர்" என்று படம் மாட்டினால், படத்தில் இருப்பவரே அதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார்.

சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் உங்களிடம் இருக்காது. பணிநேர அட்டவணை உங்களிடம்தான் இருக்கும், ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள். நாளை காலை வர வேண்டுமா மாலை வர வேண்டுமா என்பதை இன்றிரவு வரும் செய்தியில்தான் தெரிந்துகொள்ளும் ஒருவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவது முதல் மருத்துவரைப் பார்ப்பது வரை எதையும் திட்டமிட முடியாது. அந்தப் பதற்றத்துடன் வருபவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே அட்டவணையை ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்ற வேண்டியிருந்தால் கட்டளையிடாமல் கேளுங்கள். ஊழியர்கள் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள எளிய வழி ஒன்றை வையுங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றம், பல பயிற்சி வகுப்புகள் தராத பலனைத் தரக்கூடியது என்பது என் கருத்து.

மூன்றாம் படி: எல்லை வகுத்து அதிகாரம் கொடுங்கள்

இக்கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஸ்கேண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ்ஸின் தலைவராக 1980-களில் இருந்த யான் கார்ல்ஸோன், ஒரு பயணி தங்கள் ஊழியர்களில் சுமார் ஐந்து பேரைச் சந்திக்கிறார், ஒவ்வொரு சந்திப்பும் சராசரியாக 15 நொடிதான், நிறுவனத்தைப் பற்றிய அவருடைய முடிவு அந்த நொடிகளில்தான் உருவாகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். 15 நொடியில் மேலதிகாரியைத் தேடிப்போக முடியாது. ஆகவே முடிவெடுக்கும் உரிமை அந்த இடத்தில் நிற்பவரிடமே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல் குழுமம், ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலதிகாரியைக் கேட்காமல் செலவிடலாம் என்று தன் ஊழியர்களுக்கு அனுமதி அளித்ததற்காகப் பெயர் பெற்றது. அந்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது சொகுசு ஹோட்டலுக்கான தொகை. நமக்கு வேண்டியது, கேட்காமல் செய்யலாம் என்ற அந்தப் பகுதிதான்.

உங்கள் இடத்துக்கான எல்லையை வகுக்க ஊகம் தேவையில்லை. கடந்த மூன்று மாதத்தில் மேலாளரின் ஒப்புதலுக்கு வந்த விதிவிலக்குகளை எடுத்துப் பாருங்கள்: பொருள் மாற்றம், தாமதக் கட்டணத் தள்ளுபடி, பணம் திருப்புதல், கூடுதல் அவகாசம் என்று அவை இருக்கும். அவற்றில் எந்த வகைகளில், எந்தத் தொகைக்குக் கீழே, ஏறத்தாழ எல்லாமே ஒப்புதல் பெற்றிருக்கின்றனவோ, அந்த வகைகளை அந்தத் தொகை வரை ஊழியரிடமே விட்டுவிடலாம். உங்கள் மேலிடத்துக்கு இதை விளக்குவதும் எளிது, ஏனென்றால் புதிதாக எந்தச் செலவையும் நீங்கள் கேட்கவில்லை. எப்படியும் கொடுக்கப்பட்டுவந்ததை விரைவாகக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். கொடுத்த அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத தாளில், எதை நீங்களே முடிவு செய்யலாம், எதற்குச் சக ஊழியர் ஒருவரின் கையெழுத்துப் போதும், எதற்கு மட்டும் மேலாளர் வர வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு கவுண்டரிலும் வையுங்கள்.

அதிகாரம் கொடுத்த முதல் மாதத்தில் யாராவது ஒருவர் கொடுத்திருக்கக் கூடாத ஒன்றைக் கொடுத்துவிடுவார். அப்போது நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், மறுநாளிலிருந்து அத்தனை பேரும் மீண்டும் உங்கள் அறைக் கதவைத் தட்டத் தொடங்குவார்கள், தாள் கவுண்டரில் அப்படியே கிடக்கும். அதற்குப் பதிலாகத் தனியே அழைத்து, "என்ன நடந்ததுன்னு சொல்லுங்க, அந்த நேரத்துல என்ன யோசிச்சீங்க?" என்று கேட்டு, முடிவு தவறென்றால் அடுத்த முறை எதைக் கவனிக்கலாம் என்பதை மட்டும் பேசி முடியுங்கள். ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில், குறை ஒன்றைக் காணும் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், குறை தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். அந்த ஏற்பாடு செயல்படுவதற்குக் காரணம், கயிற்றை இழுத்தவர் திட்டு வாங்குவதில்லை என்பதே. மற்ற இடங்களில் கயிறு மட்டும் இருந்து பயனில்லை.

நான்காம் படி: வாடிக்கையாளருக்கு முன் ஊழியருக்குச் சொல்லுங்கள்

விலை மாற்றம், சலுகை, தாமதம், புதிய விதி ஆகியவற்றை வாடிக்கையாளர் சொல்லித்தான் ஊழியர் தெரிந்துகொள்கிறார் என்றால், அந்த உரையாடலில் அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் திறமையற்றவராகவே தோன்றுவார். ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் நின்றபடியே கூடுங்கள். இன்று மாறியிருப்பது என்ன, எது இருப்பில் இல்லை, நேற்று வந்த புகாரில் எது இன்றும் வரக்கூடும் என்ற மூன்றுடன் முடித்துவிடுங்கள். இந்தப் பத்து நிமிடம் சம்பளத்துக்குரிய நேரமாக இருக்க வேண்டும். சீக்கிரம் வரச்சொல்லி அவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு, அவர்களை மதிப்பதாகச் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு வர முடியாத ஷிஃப்டுக்கு அதே மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: கடுஞ்சொல் கேட்பவருக்குத் துணையாக நில்லுங்கள்

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதியபோது, சம்பளத்துக்காக உணர்ச்சியை அடக்குவதும் வரவழைப்பதும் உடலுழைப்பைப் போலவே ஓர் உழைப்பு என்று நிறுவினார். உள்ளே ஒன்று இருக்க முகத்தில் மட்டும் வேறொன்றை ஒட்டிக்கொள்வது ஒரு வகை; எதிரில் இருப்பவரின் நிலையை மனத்தில் வாங்கி, காட்ட வேண்டிய உணர்ச்சியைத் தனக்குள் உண்மையாகவே எழுப்பிக்கொள்ள முயல்வது இன்னொரு வகை. முதல் வகை ஆளை விரைவில் சோர்வடையச் செய்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. சிரிக்கச் சொல்லிக் கட்டளை போட்டால் கிடைப்பது முதல் வகைதான். வாடிக்கையாளருக்கும் அது புரிந்துவிடுகிறது.

வாடிக்கையாளர் சொல்வதே எப்போதும் சரி என்ற பழைய வாசகம், புகாரை அக்கறையுடன் கேட்க வேண்டும் என்ற அளவில் நல்லது. வசை, மிரட்டல், பாலியல் சீண்டல், சாதி, மதம், நிறம் குறித்த இழிசொல் ஆகியவற்றுக்கும் அது பொருந்தும் என்று ஒரு நிறுவனம் நடந்துகொண்டால், ஊழியர் தன்னைத்தானே பாதுகாத்துக்கொள்ளத் தொடங்குவார், அதாவது எல்லா வாடிக்கையாளரிடமும் ஒட்டாமல் பேசுவார். தவறு செய்த ஒருவரின் கணக்கை மற்ற தொண்ணூற்றொன்பது பேர் தீர்க்க வேண்டியதாகிவிடும். ஆகவே எப்போது அழைப்பைத் துண்டிக்கலாம், எப்போது கவுண்டரை விட்டு விலகலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஒருமுறை எச்சரிப்பது, மீண்டும் நடந்தால் பொறுப்பாளரிடம் மாற்றுவது, பொறுப்பாளர் முடித்துவைப்பது என்ற அளவுக்கு எளிமையாக அது இருக்கட்டும். துண்டித்தவர் அதற்காக விளக்கக் கடிதம் எழுத வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

வாக்குவாதம் முற்றும்போது நீங்கள் நேரில் போக வேண்டியிருக்கும். போனதும் வாடிக்கையாளரின் பக்கம் போய் நின்றுகொண்டு ஊழியரைக் கேள்வி கேட்பதுதான் அனுபவமற்றவர்கள் இயல்பாகச் செய்வது. அந்த நேரத்துக்கு வாடிக்கையாளர் தணிந்துவிடுவதால் அது வெற்றி போலவும் தெரியும். அதைச் செய்யாதீர்கள். ஊழியருக்குப் பக்கத்தில், கவுண்டரின் அதே புறத்தில் நின்று, "நான்தான் இங்க பொறுப்பு சார். இவங்க சொன்னதை நானும் கேட்டுக்கறேன், நீங்களும் முதல்லேருந்து சொல்லுங்க" என்று தொடங்குங்கள். விதி வாடிக்கையாளருக்கு எதிராக இருந்தும் இந்த நேர்வில் தளர்த்துவதே நியாயம் என்று உங்களுக்குத் தோன்றினால், ஊழியர் விதிப்படிதான் நடந்துகொண்டார் என்பதை வாடிக்கையாளர் காதுபட முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு தளர்த்துங்கள். இயன்றால், "இவங்களே உங்களுக்கு முடிச்சுத் தருவாங்க" என்று ஊழியரின் கையாலேயே அதைக் கொடுக்கச் செய்யுங்கள். மேலாளர் வந்ததும் கிடைத்துவிட்டது என்ற பாடத்துடன் அவரை அனுப்பினால், அடுத்த முறை குரலை உயர்த்திக்கொண்டேதான் உள்ளே வருவார். எல்லாம் முடிந்த பிறகு அந்த ஊழியரைப் பத்து நிமிடம் கவுண்டரிலிருந்து விடுவித்து, அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள்.

தவறு ஊழியருடையதாகவே இருந்தால்? வாடிக்கையாளரிடம் நிறுவனத்தின் பெயரால் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். ஊழியரிடம் பேச வேண்டியதைக் கதவு மூடிய அறையில், அதே நாளில், சம்பவத்தை மட்டும் வைத்துப் பேசுங்கள்.

ஆறாம் படி: எண்ணிக்கையைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

எதை எண்ணுகிறீர்களோ அதுதான் நடக்கும். கால் சென்டரில் ஓர் அழைப்புக்கு ஆகும் நேரத்தை எண்ணிக் குறைக்கச் சொன்னால், அழைப்புகள் குறுகும். தீராத சிக்கலுடன் அதே ஆள் மூன்று முறை அழைப்பார். மொத்த அழைப்புகள் கூடும். கூடிய அழைப்புகளைச் சமாளிக்க நேரத்தை இன்னும் குறைக்கச் சொல்வார்கள். இலக்குகளின் அழுத்தம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வெல்ஸ் ஃபார்கோ வங்கியை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். கடுமையான விற்பனை இலக்குகளுக்கு இடையே, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டது வெளிப்பட்டு, 2016 செப்டம்பரில் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதித்தன. இது தொடர்பாகச் சுமார் 5,300 ஊழியர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தனர். அத்தனை ஆயிரம் பேரும் பிறவியிலேயே நேர்மையற்றவர்கள் என்று யாரும் நம்ப முடியாது.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பவை மூன்றுதான்: ஒரே சிக்கலுக்காக மீண்டும் வந்தவர்கள் எத்தனை பேர், உங்கள் நோட்டில் உள்ள தடை வகைகளில் எவை குறைந்திருக்கின்றன, கடந்த ஓராண்டில் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர். மூன்றையும் தனி ஆள் பெயரில் எண்ணாமல் குழுவுக்குச் சேர்த்தே எண்ணுங்கள். கடைசி எண் சேவையோடு தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆனால் அனுபவமுள்ளவர் ஒருவர் விலகும்போது, எந்த வாடிக்கையாளர் எதற்கு வருவார், எந்தப் பொருளில் எந்தக் குறை திரும்பத் திரும்ப வரும் என்ற, எங்கும் எழுதப்படாத அறிவும் அவருடன் போய்விடுகிறது. புதிதாக வருபவர் அதைக் கற்றுக்கொள்ளும் வரை அதன் விலையை வாடிக்கையாளர்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்.

எண்களை மேலிடத்தில் காட்ட வேண்டியவர்கள் ஒன்றை அறிந்துவைத்திருப்பது நல்லது. அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான சியர்ஸ், ஊழியர் மனப்பான்மை 5 புள்ளி உயர்ந்தால் வாடிக்கையாளர் எண்ணம் 1.3 புள்ளி உயர்கிறது, அதைத் தொடர்ந்து வருவாய் வளர்ச்சி 0.5 சதவீதம் கூடுகிறது என்று தன் கடைகளின் தரவிலிருந்து கணக்கிட்டது. 1998-இல் வெளியான அந்தக் கணக்கை இன்றும் மேற்கோள் காட்டுவோர் உண்டு. அதே சியர்ஸ் 2018-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. கணக்கு பொய் என்பதல்ல இதன் பொருள். காலப்போக்கில் நிர்வாகமும் சந்தையும் மாறின, கடைகளில் முதலீடு குறைந்தது. ஒருமுறை கண்டறிந்த தொடர்பு, பராமரிப்பின்றித் தானாகவே ஓடிக்கொண்டிருக்காது. ஆகவே உங்கள் அறிக்கையில் லாபத்தை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: கேளுங்கள், பதில் சொல்லுங்கள்

ஊழியர்களின் யோசனைகளைக் கேட்பது எளிது. பெட்டி வைத்தால் போதும். பதில் சொல்வதுதான் கடினம். கேட்டுவிட்டு மௌனமாக இருப்பது, கேட்காமலே இருந்ததைவிடக் கெடுதலாக முடியும். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு வாரத்துக்குள் மூன்றில் ஒன்று பதிலாக வர வேண்டும்: இன்ன தேதியில் செய்கிறோம், செய்ய முடியாது, இன்னாரைக் கேட்டிருக்கிறேன். செய்ய முடியாதென்றால் காரணத்தைச் சொல்லுங்கள். நேரான மறுப்பை ஊழியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். "பார்க்கலாம்" என்ற சொல்லைத்தான் யாரும் நம்புவதில்லை.

பாராட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். "எல்லாரும் நல்லா பண்றீங்க" என்பது யாரையும் சென்றடையாது. "நேத்து அந்தப் பெரியவருக்குப் படிவத்தை நீங்க வாய்விட்டுப் படிச்சுக் காட்டினீங்க பாருங்க, அதனாலதான் அவர் திரும்ப அலைய வேண்டியதில்லாம போச்சு" என்பது சென்றடையும், ஏனென்றால் சொன்னவர் பார்த்திருக்கிறார் என்பது அதில் இருக்கிறது. வாடிக்கையாளர் கண்ணில் படாதவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஜப்பானியத் தரக்கட்டுப்பாட்டு அறிஞர் கௌரு இஷிகாவா, அடுத்த கட்ட வேலையைச் செய்பவரே உன் வாடிக்கையாளர் என்று தொழிலாளர்களிடம் வலியுறுத்தினார். கிடங்கில் பெட்டிக்குச் சரியான சீட்டு ஒட்டுபவர் கவனமாக இருந்தால்தான் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து பதில் சொல்ல முடியும். மாதம் ஒரு நாளாவது கிடங்கில் இருப்பவரைக் கவுண்டரிலும், கவுண்டரில் இருப்பவரைக் கிடங்கிலும் சில மணிநேரம் உட்காரவைத்துப் பாருங்கள். மின்னஞ்சலில் தீராத சச்சரவுகள் சில அன்றே தீர்ந்துவிடும்.

மதிப்பது என்பதை விட்டுக்கொடுப்பது என்று புரிந்துகொள்ளவும் கூடாது. தடைகள் எல்லாம் நீங்கிய பிறகும் தொடர்ந்து தாமதமாக வருபவர், வேலையைப் பக்கத்து ஆளின் தலையில் கட்டுபவர், வாடிக்கையாளரை வேண்டுமென்றே அலைக்கழிப்பவர் இருக்கத்தான் செய்வார். அவரைக் கண்டும் காணாமல் விடுவது, அவர் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் மற்றவர்களை அவமதிப்பதாகும். எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லி, திருந்த அவகாசம் கொடுத்து, எழுத்தில் பதிவு செய்து, அதன் பிறகும் மாறாவிட்டால் நிறுவன விதிகளின்படி நடவடிக்கை எடுங்கள். குழுவில் உள்ளவர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள். இவ்வளவு நாள் ஏன் தாமதித்தீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

முதல் சில மாதங்களில் என்ன எதிர்பார்க்கலாம்

நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக, முதலில் புகார்கள் கூடும். வாடிக்கையாளரிடமிருந்து வருபவை அப்படியே இருக்க, ஊழியர்களிடமிருந்து வருபவை பெருகும்: இயந்திரம் சரியில்லை, இந்த விதிக்கு அர்த்தமில்லை, அந்தத் துறை பதிலே சொல்வதில்லை என்று. இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பேசினால் பயன் உண்டு என்ற எண்ணம் வந்திருப்பதால்தான் பேசுகிறார்கள். இதற்கு முன் இவை இல்லாமல் இல்லை, உங்கள் காதுக்கு வரவில்லை. அவற்றையும் அதே நோட்டில், அதே வகைகளின் கீழ் எழுதுங்கள். அதன் பிறகு மீண்டும் வருவோர் எண்ணிக்கை மெல்லக் குறையத் தொடங்க வேண்டும்.

குறையவில்லை என்றால், தடைகளில் எது அதிகமாக எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அதிகாரம், தகவல், பயம் ஆகியவற்றை ஒரு பொறுப்பாளர் தன் அளவிலேயே பெரிதும் குறைத்துவிடலாம். எஞ்சி நிற்பது நேரம் என்றால், அதாவது வரிசையின் நீளத்துக்கு ஆட்கள் போதவில்லை என்றால், எவ்வளவு மரியாதையும் அந்த இடத்தை நிரப்பாது. பொருளே மட்டமாக இருந்தாலும் அப்படித்தான். அந்த நிலையில் ஊழியர்களை இன்னும் கொஞ்சம் ஒத்துழைக்கச் சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போங்கள். எந்தக் கிழமையில், எந்த நேரத்தில், எத்தனை பேர் காத்திருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலை முடியாமலே திரும்பிப்போனார்கள், அப்போது கவுண்டரில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற நான்கு விவரங்களும் ஒரே தாளில் இருந்தால், கூடுதலாக ஓர் ஆள் கேட்பதற்கு அந்தத் தாள் போதும். ஆள் கிடைக்கும் வரை, நெரிசலான அந்த நேரத்தில் நீங்களும் ஒரு கவுண்டரில் உட்காருங்கள்.